கீழ்த்தளத்தில் முப்பத்தைந்து சதுர அடி

எங்கள் குடோனில் வருஷத்துக்கு நாலு மண்டையாவது உடையும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. சாமான் வைக்கிற இடத்தில் என்ன சண்டை என்று கேட்பார்கள். சாமான் இருக்கிற இடத்தில்தானே சண்டை வரும். செத்துப்போன அப்பாவின் பீரோ, பிரிந்துபோன தம்பதியின் கட்டில், இழுத்து மூடிய கடையின் அலமாரி எல்லாம் இங்கேதான் வந்து சேர்கின்றன. அவற்றுக்குச் சொந்தம் கொண்டாடுகிறவர்களும் பின்னாலேயே வருகிறார்கள். நான் பதினொரு வருஷமாக இங்கே தள்ளுவண்டி தள்ளுகிறேன், சரக்கு லிஃப்ட் ஓட்டுகிறேன். எனக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை. அதை எடுத்தது டாக்டர் இல்லை, ஒரு மேசைக்கால்.

மூன்று மாடி, முந்நூறு சொச்சம் அறைகள். ஆகச் சின்னது பத்து சதுர அடி. உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம், கையை விரிக்க முடியாது. ஆகப் பெரியது இருநூறு. அறையும் இரும்பு ஷட்டரும் எங்களுடையவை. பூட்டும் சாவியும் வாடகைக்கு எடுப்பவருடையவை. வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அளவைத் தப்பாகத்தான் கேட்பார்கள். ஒரு குடும்பமே குடியிருந்த வீட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, குளியலறை அளவுக்கு ஓர் அறை போதும் என்று அடம்பிடிப்பார்கள். பாதிச் சாமான் உள்ளே போவதற்குள் அறை நிறைந்துவிடும். மீதி நடைபாதையில் கிடக்கும். உடனே புருஷன் பெண்டாட்டியைப் பார்ப்பான், அண்ணன் தம்பியைப் பார்ப்பான். அப்புறம் பேச்சு இருக்காது, கைதான்.

இந்த அடிதடியைப் பாதியாகக் குறைத்தவள் டேப்பு அக்கா. முன்மேசை அவளுடையது. இடுப்பில் எப்போதும் ஓர் இரும்பு அளவு டேப்பு தொங்குவதால் அந்தப் பெயர். ஆனால் அதை அவள் இழுத்து நான் பார்த்தது குறைவு. வருகிறவரை எதிரில் உட்காரவைத்து, "லிஸ்ட் எல்லாம் வேணாம், வாயால சொல்லுங்க" என்பாள். கட்டில் பிரிக்கிற கட்டிலா, பீரோவைப் படுக்கவைக்கலாமா, எது அடிக்கடி தேவைப்படும், எது ஒரு வருஷத்துக்கு வேண்டாம். எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணை மூடுவாள். இரண்டு கைகளும் மேசைக்கு மேலே வெறுங்காற்றில் அசையும். கனமானதை அடியில் வைக்கும், அதன்மேல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகும். கண்ணைத் திறந்து ஓர் எண்ணைச் சொல்வாள். "அறுபது. நடக்க வழி விட்டா எழுபத்தஞ்சு." அவ்வளவுதான். அவள் பேச்சைக் கேட்டவர்களின் சாமான் ஒன்றுகூட வெளியே நின்று நான் பார்த்ததில்லை.

அந்த வழி விஷயத்தில் மட்டும் அவளைப்போல் ஒரு பிடிவாதக்காரி கிடையாது. வாசலிலிருந்து பின்சுவர் வரை ஒன்றரை அடி அகலத்துக்கு ஓர் ஆள் போய்வர இடம் விட்டே தீரவேண்டும். "உள்ள போக முடியாத ரூம் ரூமே இல்லீங்க, குப்பைத்தொட்டி" என்பாள். வழிக்கு எதற்கு வாடகை என்று முறைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஆறு மாதம் கழித்து, பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு பெட்டிக்காக மொத்தச் சாமானையும் வெளியே இழுத்துப்போட்டு, என்னையும் படுத்தி, அவளிடமே வந்து நிற்பார்கள்.

அவள் பேச்சைக் கேட்காதவர்களின் கதை ஒன்று சொல்கிறேன். அண்ணன் தம்பி இருவர். அப்பா வீட்டைக் காலி செய்தார்கள். தொண்ணூறு வேண்டும் என்று அக்கா போனிலேயே சொல்லியிருந்தாள். அண்ணன் நாற்பது எடுத்தான். லாரி பாதி இறங்குவதற்குள் அறை பிதுங்கிவிட்டது. "நாப்பது போதும்னு சொன்ன மூளை எது?" என்று தம்பி கேட்டான். அண்ணன் கையிலிருந்த கண்ணாடியைச் சட்டத்தோடு தம்பி தலையில் இறக்கினான். தம்பி ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை, மேசைக்காலைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான். விலக்கிவிடப் போன என் வாயில்தான் முதல் அடி. அக்கா வந்தாள், தம்பியின் நெஞ்சில் கைவைத்து அறைக்குள் தள்ளினாள், ஷட்டரை இறக்கித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே ஒருவன், வெளியே ஒருவன். "ரெண்டு பேரும் அடங்கினதும் தொறக்கறேன். எனக்கு அஞ்சரை வரைக்கும் டூட்டி" என்று அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். நான் பல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அடி புதிதில்லை. ஏழு பேர் ஒரே அறையில் இருந்த வீட்டில் பிறந்தவள். அப்பா பெல்ட்டைக் கழற்றினால், அது எந்த மூலை வரைக்கும் எட்டும், எந்த மூலைக்கு எட்டாது என்று ஐந்து வயதிலேயே தெரியும் என்பாள். பத்தொன்பது வயதில் வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சுமை தூக்கப் போனாள். அங்கே ஆண்களோடு போட்டிபோட்டுத் தூக்கினாள், அடுக்கினாள். கல்யாணமும் ஒரு தடவை செய்து பார்த்தாள். அவனும் கை நீட்டுகிறவன். மூன்று வருஷம் பொறுத்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் பாதத்தில் இரும்புப் பெட்டியைப் போட்டுவிட்டு, கட்டிய துணியோடு வெளியே வந்தாள். "நாலு விரல் போச்சு அவனுக்கு. கட்டை விரலை விட்டுட்டேன், நடக்கணும்ல" என்று சொல்லிச் சிரிப்பாள். நாற்பத்தொரு வயதில் மாடிப்படியில் ஒரு பீரோ வழுக்கி வந்து அவள் முதுகைப் பதம் பார்த்துவிட்டது. அதன் பிறகுதான் எங்கள் முன்மேசை.

இப்படிப்பட்டவளிடம் குறை என்று சொன்னால் இரண்டுதான். ஒன்று, அவளை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், அளவு தப்பு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. இன்னொன்று, அவளுக்கு ஆள் முகம் மனதில் நிற்காது. அடுக்கிய அறைதான் நிற்கும். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தன. நானும் கூட நின்று உதவினேன். அதனால்தான் இதை இவ்வளவு நாள் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணை நாங்கள் கேக்கம்மா என்று சொல்வோம். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தாள். இடது தாடை வீங்கியிருந்தது. பேசும்போது அந்தப் பக்கம் உதடு அசையவில்லை. அக்கா அதைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. கேக்கம்மாவே சொன்னாள். புருஷன் மருந்துக் கம்பெனி விற்பனையாளன். நாலு நாள் வெளியூர் போயிருக்கிறான், அதற்குள் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். அவளும் எட்டு வயது மகளும் தங்கப் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்திருக்கிறது. ஆனால் தொழில் சாமானை அங்கே வைக்க முடியாது. கொஞ்ச நாளில் சின்னதாக ஒரு கடை பிடித்துவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

"என்னென்ன இருக்கு?"

"இடுப்பு உயரத்துக்கு ஒரு ஓவன். மாவு பிசையற மெஷின். ஸ்டீல் ரேக்கு ரெண்டு. ஒரு மடக்குக் கட்டில். பாப்பா படிக்கிற மேசை. அப்புறம் தட்டு, பாத்திரம்னு ஏழெட்டுப் பெட்டி." கொஞ்சம் யோசித்து, "இருபத்தஞ்சு அடி போதும்க்கா, நெருக்கி வெச்சிக்கலாம்" என்றாள்.

அக்கா கண்ணை மூடினாள், கைகள் அடுக்கின. "நெருக்கினா இருபத்தஞ்சுல அடங்கும். ஆனா நீங்க வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து ஏதாவது எடுப்பீங்க. மெஷினை எடுக்க ஓவனை நகத்துவீங்களா? உங்க உடம்பு இருக்கற இருப்புல? முப்பத்தஞ்சு எடுத்துக்கங்க. நல்லா வழி விட்டு நானே அடுக்கித் தரேன்."

"இருபத்தஞ்சே போதும்னு பாக்கறேன்."

"நான் சொல்றேன்ல."

கேக்கம்மா சரி என்றாள். அன்றைக்கு அவளுக்கு யாரோடும் வாதாடத் தெம்பில்லை. கூடுதலாக அந்தப் பத்து அடியைக் கொடுத்ததுதான் தப்பு. அப்போது அது எங்களுக்குத் தெரியாது. இருபத்தைந்து சதுர அடி அறைகள் கீழ்த்தளத்தில் மட்டும் அறுபத்திரண்டு இருக்கின்றன. முப்பத்தைந்து நாலே நாலு. நாலும் மூன்றாம் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில். அதில் மூன்று ஒரு காகிதக் கம்பெனியிடம் இருந்தன, ஷட்டர்களில் அவர்கள் அட்டை தொங்கும். நாலாவது கேக்கம்மாவுக்கு.

முதுகுவலியோடு அக்காவே உள்ளே நின்று அடுக்கினாள். ஓவன் அடியில், ரேக்குகள் சுவரோடு, எல்லாவற்றையும் கயிறு போட்டு இழுத்துக் கட்டி. மெஷின் மட்டும் பின்சுவரோரம், வழியின் கடைசியில். "பூகம்பம் வந்தாலும் அசையாது" என்றாள். கேக்கம்மா பையிலிருந்து ஒரு பழைய பித்தளைப் பூட்டை எடுத்துப் பூட்டினாள். வீங்கிய வாயோடு அன்று ஒரே ஒரு தடவை சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவன் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, தோளில் கறுப்புப் பை. அக்கா என்றுதான் கூப்பிட்டான், என்னை அண்ணன் என்றான். வீடு மாறுகிறான், கொஞ்சம் சாமான் வைக்க வேண்டும். பெண்டாட்டி ஏதோ சின்னதாகச் சமையல் தொழில் செய்கிறாள் என்றான். ஓவன் இவ்வளவு உயரம் என்று கையால் காட்டினான். மாவு பிசையும் மெஷின், ரேக்கு இரண்டு, மடக்குக் கட்டில், குழந்தை படிக்கிற மேசை, பெட்டிகள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கேக்கம்மா சாமானையெல்லாம் நானே தூக்கிப்போய் வைத்தவன். எனக்காவது உறைத்திருக்க வேண்டும். அப்போது சாப்பாட்டு நேரம், எனக்குப் பசி. என் லட்சணம் அவ்வளவுதான்.

அக்கா கண்ணை மூடப்போனாள். அவன் முந்திக்கொண்டான். "இருபத்தஞ்சு போதும்லக்கா? இதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல கேட்டேன், இருபத்தஞ்சுன்னாங்க."

"எவன் சொன்னான்?"

"அங்க இருக்கறவங்கதான். அனுபவப்பட்டவங்கன்னு சொன்னாங்க."

"அவனுங்களுக்கு அளக்கத் தெரியல. நல்லா கேட்டுக்கங்க. முப்பத்தஞ்சு. இல்லன்னா உள்ள போக வர வழி இருக்காது. அதுவும் கீழ்த்தளத்துலதான் எடுக்கணும், அந்த ஓவனை மேல ஏத்தக் கூடாது. ஆனா கீழ முப்பத்தஞ்சு நாலுதான் இருக்கு, நாலும் போயாச்சு."

"அப்படியா" என்றான். "எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாக்கலாமா? அடுத்த மாசம் காலியானா எடுத்துக்கறேன்."

அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் பெரிய மனுஷனாட்டம் முன்னால் நடந்து அவனை மூன்றாம் வரிசைக்குக் கூட்டிப்போனேன். இதோ இந்த நாலு என்று காட்டினேன். மூன்றில் கம்பெனி அட்டை. நாலாவதில் பித்தளைப் பூட்டு. அந்தப் பூட்டை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டான். அது அவர்கள் வீட்டுப் பின்கதவுப் பூட்டாம். எங்களுக்கு அது பின்னால்தான் தெரிந்தது.

திரும்பி வந்து, இப்போதைக்கு பைல்கள் வைக்கப் பத்து அடி அறை ஒன்று போதும், மூன்றாம் வரிசைப் பக்கமாக இருந்தால் வசதி என்றான். எதிர்ப்பக்கத்திலேயே ஒன்று காலியாக இருந்தது. அக்கா கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாசல் கேட்டைத் திறக்கும் கார்டைக் கொடுத்தாள். அளவு விஷயத்தில் அவள் சொன்னதை அவன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டதில் அவளுக்குத் திருப்தி. அன்று மாலை வரை, இருபத்தஞ்சாம் இருபத்தஞ்சு என்று அந்த முகம் தெரியாத இரண்டு இடத்துக்காரர்களை வைதுகொண்டே இருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து அவன் தினமும் ஒன்பது மணிக்கு வந்தான். பத்து அடி அறைக்குள் போய் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வான். பைல் பார்க்கிறேன், வீட்டில் ஒரே சத்தம் என்றான். உட்கார ஏதாவது கிடைக்குமா என்று கேட்டான். ஸ்டூலை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள், வியாழக்கிழமை. அன்று நடந்ததில் பாதியைக் கேமராப் பதிவில்தான் பார்த்தேன், போலீஸ்காரர்களோடு நின்று. பதினொன்று பத்துக்குக் கேக்கம்மா உள்ளே வருகிறாள். தாடை வற்றியிருக்கிறது. கடைக்கு இடம் பார்த்தாகிவிட்டது, முதல் ஆர்டரும் வந்துவிட்டது, மெஷினை எடுக்க வந்தேன் என்று அக்காவிடம் சொல்கிறாள். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மூன்றாம் வரிசைக்குப் போகிறாள், பூட்டைத் திறக்கிறாள், ஷட்டரைத் தூக்குகிறாள், உள்ளே விட்டிருந்த வழியில் பின்சுவர் வரை போகிறாள். எதிரில் சின்ன ஷட்டர் உள்ளேயிருந்து மேலே போகிறது. அவன் வருகிறான். சட்டைக்கையை மடித்துவிட்டிருக்கிறான். மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி ஸ்டூல்மேல் வைக்கிறான். பையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் குழாயை எடுக்கிறான். குனிந்து உள்ளே நுழைந்து, அவள் அறை ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிக்கொள்கிறான். ஒரு இடத்தில்கூட அவன் அவசரப்படவில்லை.

முன்மேசையில் இருந்த திரையில் அக்கா இதைப் பார்த்தாள். பைல்காரன் ஏன் அந்த அறைக்குள் போகிறான் என்றுதான் முதலில் நினைத்தாளாம். அப்புறம் கைக்கு ஞாபகம் வந்தது. ஓவன், மெஷின், ரேக்கு, கட்டில், மேசை. ஒரே சாமானுக்கு இரண்டு தடவை அளவு சொல்லியிருக்கிறாள். "லிஃப்டு, கீழ வாடா" என்று அவள் கத்தியது மூன்றாம் மாடியில் இருந்த எனக்குக் கேட்டது. என்னை அவள் லிஃப்டு என்றுதான் கூப்பிடுவாள். லிஃப்டுக்குள் பாதி ஏற்றிய பீரோவை அப்படியே விட்டுவிட்டுப் படியில் ஓடினேன். என் முழங்காலும் நானும் கீழே வந்து சேர எவ்வளவு நேரமாயிற்றோ, அவ்வளவு நேரம் அவள் தனியாக இருந்தாள்.

ஷட்டருக்கு அடியில் தவழ்ந்து உள்ளே போயிருக்கிறாள். ஒன்றரை அடி வழி. கடைசியில் கேக்கம்மா, நடுவில் அவன், பின்னால் அக்கா. ஒருவரைத் தாண்டி ஒருவர் போக முடியாது. கேக்கம்மா ஒரு கேக் தட்டைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். அவன் அந்தத் தட்டின்மேலேயே அடித்தான். தட்டு மடங்கியதும் பிடித்திருந்த கையின்மேல் அடித்தான். கை கீழே போனதும் காதோடு சேர்த்து அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் நடுவே அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தானாம், சாதாரணக் குரலில். பாப்பா எங்கே என்று.

அக்கா அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பாமலே முழங்கையை வீசினான். அவள் மூக்கு எலும்பு உடைந்தது. ரத்தம் வாய்க்குள் போக, பக்கத்து ரேக்கைப் பிடித்துத் தன் பலம் மொத்தத்தையும் கொடுத்து இழுத்தாள். அதை அவன்மேல் சரித்துவிடலாம் என்று நினைத்தாள். ரேக்கு அசையவில்லை. கனமானதை அடியில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கியவள் அவள்தானே. இரண்டு கையாலும் இழுத்தாள், காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். ஒரு பெட்டிகூட நகரவில்லை. முப்பது வருஷ வேலையில் என் கை அடுக்கினதை நான் சபித்தது அன்றைக்குத்தான் என்று பின்னால் சொன்னாள்.

அவன் இப்போது திரும்பினான். குழாயை அவள் தோளில் இறக்கினான். அவள் விழுந்தாள், விழுந்தபடியே அவன் காலைக் கட்டிக்கொண்டு ஆடுதசையைக் கடித்தாள். அவன் அவள் முதுகில் அடித்தான். அவள் விடவில்லை. என்னை அடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அவளை அடிக்க முடியாது, அந்தக் கணக்கு ஒன்றுதான் என்கிட்ட மிச்சம் இருந்தது என்றாள்.

நான் ஷட்டரைத் தூக்கும்போது அவன் கை ஓங்கியிருந்தது. என் கையில் தள்ளுவண்டியின் இரும்புக் கைப்பிடி. முதல் அடியிலேயே அவன் விழுந்துவிட்டான். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் மூன்று அடித்தேன். அக்காதான் தரையில் கிடந்தபடி "போதும்டா" என்றாள். எனக்குப் போதவில்லை. ஸ்டூல் எடுத்துக்கொடுத்த கை அது, அதற்கு எப்படிப் போதும்.

அவனுக்கு இரண்டு விலா எலும்பும் தோள்பட்டையும் போயின. முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் ஜெயில். என்னையும் ஒருநாள் ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேமராப் பதிவைப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். கேக்கம்மா பிழைத்துக்கொண்டாள். வலது மணிக்கட்டு மூன்று துண்டு. இடது காது இனிக் கேட்காது என்றார்கள்.

விசாரணைக்கு முந்தைய நாள் எங்கள் முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். "அவன் கார்டு வாங்கி உள்ள வந்தான், கண்டுபிடிச்சிட்டான். அவ்வளவுதான் நமக்குத் தெரியும். வாயக் குடுத்து மாட்டிக்காத" என்றார். அக்கா தலையாட்டினாள். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து, அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்டார்.

"அவன் கண்டுபிடிக்கல சார். நான் சொன்னேன்."

"எந்த ரூம்னு சொன்னீங்களா?"

"எந்த அளவுன்னு சொன்னேன். எங்க இடத்துல ரெண்டும் ஒண்ணுதான்."

முதலாளியின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அளக்க வேறு ஆள் எங்கே.

அன்று சாயங்காலமே என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூக்கில் கட்டு, கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில். கேக்கம்மா படுக்கையின் வலது பக்கம் போய் நின்று, கேட்கிற காதில், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் வாய்தான் காட்டிக்கொடுத்தது என்றாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

கேக்கம்மா கூரையைப் பார்த்தாள். "நான் இருபத்தஞ்சுதானே கேட்டேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"அது எத்தனை இருக்கு?"

"கீழ மட்டும் அறுபத்திரெண்டு."

கேக்கம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்கா வெளியே வந்தாள். பஸ்ஸில் அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் யார் சாமானைச் சொன்னாலும் அக்கா முதலில் கேட்பது, "உங்க பேருல அடையாள அட்டை இருக்கா, இது உங்க சாமான்தானா" என்றுதான். நாலு முப்பத்தைந்துகளையும் காலியானதும் நடுவில் தடுத்துச் சின்னதாக்கச் சொல்லி முதலாளியோடு மல்லுக்கு நின்று, சம்மதிக்கவும் வைத்துவிட்டாள். தனியாகத் தெரிகிற அளவே கட்டடத்தில் இருக்கக் கூடாது என்றாள்.

இரண்டரை மாதத்தில் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. அதற்கு மறுநாள் காலை கேக்கம்மா வந்தாள். மணிக்கட்டில் கம்பி வைத்த கட்டு இன்னும் இருந்தது. கூடவே மகள், இரண்டு பேர் தோளிலும் ஆளுக்கொரு பை. பின்னால் பழைய சாமான் வாங்குகிற லாரிக்காரர்.

"எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லிட்டேன்" என்றாள்.

அக்கா எழுந்துவிட்டாள். "ஓவனையுமா? மெஷினை? அது உங்க பொழப்பாச்சே. வேணாம்மா. வேற பக்கம் எனக்குத் தெரிஞ்ச குடோன் இருக்கு, வேற பேருல, சின்னதா பிரிச்சுப் பிரிச்சு மூணு இடத்துல வெக்கலாம். ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியாது. நானே வந்து..."

"இல்லக்கா. அவன் என்னைத் தேடல, ஓவனைத்தான் தேடினான். இடம் பிடிக்கிற எதுவும் இனிமே என்கிட்ட இருக்கக் கூடாது."

நானும் லாரிக்காரரும் ஏற்றினோம். ஓவன், மெஷின், ரேக்குகள், கட்டில். படிக்கிற மேசையைத் தூக்கும்போது பாப்பா அம்மாவைப் பார்த்தது. கேக்கம்மா அதன் தலையைத் திருப்பித் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அதுவும் போயிற்று. மடங்கிப்போன ஒரு கேக் தட்டு மூலையில் கிடந்தது, லாரிக்காரர் அதையும் பழைய இரும்போடு போட்டுக்கொண்டார். காலியான அறையை அக்கா பார்க்கவே இல்லை.

கேக்கம்மா கேட் கார்டை மேசைமேல் வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். அக்கா பின்னாலேயே போனாள். "எங்கம்மா போறீங்க இப்ப?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு, "வேணாம், என்கிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

கேக்கம்மா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அக்காவுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"சொல்றதா இல்லக்கா" என்றாள். மகளோடு கேட்டைத் தாண்டிப் போனாள்.